ரெண்டு ரூபாய்ப் பொறுப்பு

வாடகைக் காருக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அம்மனிடம் பூக் கேட்டவன் நான். எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கப் பூக் கேட்பார்கள். கிணறு வெட்டப் பூக் கேட்பார்கள். பங்காளி மேல் கேசு போடலாமா என்றுகூடக் கேட்பார்கள். காருக்குக் கேட்டவன் சேலம் ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் அது நான் செய்த மூன்றாவது முட்டாள்தனம். முதல் இரண்டையும் சொல்லாவிட்டால் மூன்றாவது விளங்காது. சொன்னால் மானம் போகும். போகட்டும், அது போய் ரொம்ப நாளாகிறது.

உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடையில் நான் குமாஸ்தா. கடைக்கு எதிர்ச் சாரியில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் எப்போதும் ஒரு கார் நிற்கும். கான்வாஸ் கூரை. பெட்ரோல் இல்லாததால் பின்னால் அண்டா மாதிரி ஒரு கரியடுப்பு பொருத்தியிருக்கும். அடுப்பில் கரியைப் போட்டு, அரை மணி நேரம் காற்றாடி சுற்றி ஊதினால், அதிலிருந்து வரும் வாயுவில் இன்ஜின் ஓடும். ஓடும் என்பது மரியாதைக்குச் சொல்வது. காரின் உடம்பெல்லாம் சாக்கட்டியால் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருக்கும், அம்மை வார்த்த மாதிரி.

ஒரு நாள் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பண்ணையம் பார்க்கிற ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். பெரிய தலைப்பாகை, அதற்கேற்ற மீசை. அவருடைய பெண்ணைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார் என் தாய்மாமன். மாப்பிள்ளை எப்படி என்று சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துப் போக வந்திருக்கிறார். உட்கார்ந்தார், மோர் குடித்தார், வெளியே பார்த்தார்.

"யாரு வண்டிங்க மாப்பிள்ளை?"

தெரியாதுங்க என்று சொல்லியிருக்கலாம். எதிர்க் கொட்டகைக்காரருதுங்க என்று உண்மையையே சொல்லியிருக்கலாம். "நம்மளுதுதானுங்க" என்றேன்.

"மேலெல்லாம் வட்டம் வட்டமா இருக்குதுங்களே?"

"அது சீமையில இப்ப வந்த மோஸ்தருங்க."

"டிரைவரு யாருங்க?"

"டிரைவர் எதுக்குங்க? நானே ஓட்டுவேனுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வார பொதங்கெழமை அதுலயே வந்துருங்க. பன்னெண்டுக்குள்ளார வந்துரோணும். அதுக்கு மேல ராகு காலம், நா பேச்சு முடிக்கமாட்டேன். உங்க மாமன் மொத நாளே வந்துர்றேன்னாரு. எங்கூருக்கு இன்னும் காரு வந்ததில்லீங்க. சனத்துக்கெல்லாம் சொல்லி வெக்கறேன்."

கார் என்னுடையது என்றது முதல் முட்டாள்தனம். ஓட்டுவேன் என்றது இரண்டாவது. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. சங்ககிரியில் ஒரு லாரி டிரைவரிடம் ஆறு நாள் பழகி லைசென்ஸும் வாங்கியிருந்தேன். லைசென்ஸ் என் கையில் இருந்தது. கைதான் என் சொல் கேட்காது.

இப்போது காரின் சொந்தக்காரரைச் சொல்ல வேண்டும். உண்மையில் அவரைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம், ஊரிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொறுப்புக்காரர் என்பார்கள். ஒல்லி ஆள். காதில் கடுக்கன், சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சாக்கட்டி. இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தழும்பு மேல் தழும்பு. அது எப்படி வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது.

கார் வைத்திருந்தாரே தவிர அவருக்கு ஓட்டத் தெரியாது. "ஓட்டறவனுக்குப் பயம் இருக்கக் கூடாதுங்க. எனக்கு இருக்குதுங்க" என்பார். அதனால் வண்டியை மட்டும் வாடகைக்கு விடுவார். எடுக்கிறவர் டிரைவரைக் கூட்டி வர வேண்டும், இல்லாவிட்டால் தானே ஓட்ட வேண்டும்.

அதற்கு முன்னால் அவர் ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். "நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு வெச்சுக்குங்க" என்று ஏஜெண்டு ஆரம்பிப்பதற்குள் கதவு சாத்திக்கொள்ளும். ஆறு மாதம் சாத்திய கதவுகளைப் பார்த்த பிறகு அவருக்கு ஒன்று விளங்கியது. சாவைப் பற்றிப் பேசினால்தான் சனம் கதவைச் சாத்துகிறது. மட்கார்டு நசுங்குவதைப் பற்றிப் பேசினால் உட்காரச் சொல்லிக் காது கொடுக்கிறது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எப்படியோ ஒரு காரை வாங்கினார்.

வண்டி வேண்டும் என்று யார் போய் நின்றாலும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"பொறுப்போடங்களா, பொறுப்பில்லாமங்களா?"

பொறுப்பில்லாமல் என்றால் வாடகை மட்டும். வழியில் வண்டிக்கு எது வந்தாலும், வண்டியால் யாருக்கு எது வந்தாலும் எடுத்தவர் தலையில். பொறுப்போடு என்றால் ரெண்டு ரூபாய் கூடுதல். எல்லாம் அவர் தலையில்.

நாளாக நாளாக இந்தக் கேள்வி காரை விட்டு இறங்கித் தெருவில் நடமாட ஆரம்பித்தது. மழைக்குக் குடை இரவல் கேட்டால் "பொறுப்போடங்களா?" வழி கேட்டால் "பொறுப்போடங்களா?" ஒரு தடவை ஒரு ஜவுளி வியாபாரி தெருவில் போகிற போக்கில் அவரிடம் மணி கேட்டார். கேள்வி வந்தது. வியாபாரி சிரித்துக்கொண்டே ஓர் அணாவைக் கொடுத்து, பொறுப்போடவே சொல்லுங்க என்றார். இவர் உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். கடிகாரம் பத்து நிமிஷம் மெதுவாகப் போகிற கடிகாரம். வியாபாரி ஜங்ஷனுக்குப் போவதற்குள் ரயில் போய்விட்டது. திரும்பி வந்து அவர் கத்திய கத்தலில் எங்கள் கடைத் தராசு ஆடியது.

பொறுப்புக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். சம்பளத்துக்கு ஒரு டிரைவரைப் பிடித்தார், அடுப்பில் கரியைப் போட்டார், வியாபாரியை ஏற்றிக்கொண்டு ரயிலைத் துரத்தினார். சங்ககிரியில் ரயில் இல்லை. ஈரோட்டில் ரயில் இல்லை. மறுநாள் கோயம்புத்தூரில் வியாபாரியின் மாமனார் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, மூன்றாம் நாள் கரி படிந்த முகத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஒரு அணாவுக்கு இத்தனையாங்க?" என்றேன்.

"ஆனது ஆனதுதானுங்க" என்றார். "ஆகாம இருக்கறதுக்குத்தானுங்க காசு வாங்குனேன்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையை ஆட்டி, அதோடு நிற்காமல், "நானும் அதையேதான் எல்லார்கிட்டயும் சொல்லுவேனுங்க" என்றேன்.

எதற்கும் பொறுப்பு எடுக்கிற மனிதர் பின்வாங்கி அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஓமலூரிலிருந்து ஒரு தரகர் பாதி விலைக்கு ஒரு கார் கொண்டு வந்தார். பெயிண்டு அடித்து, பித்தளையெல்லாம் துலக்கி, மணப்பெண் மாதிரி இருந்தது. இவர் ஏறி உட்கார்ந்தார். காலால் ஒரே ஒரு தடவை எதையோ அமுக்கிப் பார்த்தார். இறங்கினார். கொட்டகைக்குள் போய்விட்டார். தரகர் ஒரு மணி நேரம் வாசலில் நின்று, "ஏனுங்க, என்ன கொறைன்னாச்சும் சொல்லுங்க" என்று கெஞ்சினார். இவர் வாயே திறக்கவில்லை. அந்தக் கார் மறு வாரம் ஓமலூர்ச் சந்தைக்குள் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் வெளியே வந்து, வெங்காய மூட்டைகளில்தான் நின்றது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கொட்டகைக்குப் போனேன்.

"நாளைக்கு வண்டி வேணுமுங்க. நானே ஓட்டிக்குவேன்."

"பொறுப்போடங்களா, பொறுப்பில்லாமங்களா?"

ரெண்டு ரூபாய் எனக்கு ஒரு வாரச் சாப்பாடு. "எது நல்லதுங்க?" என்றேன்.

"அத நா சொல்லக் கூடாதுங்க. சொன்னா, சொன்னதுக்கும் பொறுப்பு ஆயிருமுங்க."

"மத்தவங்க எப்படிங்க பண்றாங்க?"

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "போன மாசம் ஒருத்தரு பொறுப்போட எடுத்தாருங்க. வண்டி ஒரு கீறல் இல்லாம வந்துச்சு. ரெண்டு ரூவா வீணாப் போச்சேன்னு இன்னிக்கும் என்னியப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாரு. இன்னொருத்தரு பொறுப்பில்லாம எடுத்தாரு. அதுவும் கீறல் இல்லாமத்தான் வந்துச்சு. ஆனா வழியெல்லாம் வேலிமுள்ளையே பாத்துக்கிட்டுப் போனதுல, கல்யாணத்துல பொண்ணு யாரு, மாப்பிள்ளை யாருன்னே பாக்கலீன்னாருங்க."

"ரெண்டு பேருக்கும் ஒன்னும் ஆகலையே! பின்ன இத்தன வட்டமும் யாரு பண்ணுனதுங்க?"

அவர் காரை ஒரு தடவை பார்த்தார். "அவங்கெல்லாம் யோசிக்காதவங்க."

இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படி யோசிக்காமல் இருப்பான்? யோசித்தால் தப்பலாம் போலிருந்தது. எனக்குத் தெம்பு கொடுக்கிற மாதிரி காரைச் சுற்றிக் காட்டினார். பழைய அடி ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். புதிதாக எடுக்கிறவர் மேல் பழைய பழி விழக்கூடாது என்பதற்காக, கிளம்பும் முன் வட்டத்தைப் புதுப்பித்து உரக்கச் சொல்வது அவர் வழக்கம்.

"இது ஆட்டையாம்பட்டிக் கெடா முட்டுனது. பழசுங்க. இது ராசிபுரத்துல தேர்வடம் இழுத்தது. பழசுங்க. இந்தக் கதவு, ஒருத்தரோட மாமியாரு."

"மாமியார் மோதிட்டாங்களா?"

"சாத்துனாங்க."

யோசித்து வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தேன். மத்தியானம் வரை யோசித்தேன். கடையில் இருபதாம் நம்பர் நூல் கேட்டவருக்கு நாற்பதாம் நம்பரைக் கட்டிக் கொடுத்தேன். சாயங்காலம் கால் தானாகவே கடைக்குப் பின்னால் இருந்த அம்மன் கோயிலுக்குப் போயிற்று.

பண்டாரம் ஈரப் பூவை அம்மனின் வலது தோளில் ஒன்றும் இடது தோளில் ஒன்றுமாக ஒட்டி வைத்தார். வலது விழுந்தால் ஆகும், இடது விழுந்தால் ஆகாது.

"என்ன காரியமுங்க தம்பி? பொண்ணு விசயமா?"

"கிட்டத்தட்டங்க."

"மனசுக்குள்ள கேட்டுக்குங்க."

கேட்டேன். தாயே, வண்டி ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வருமா? கண்ணை மூடித் திறப்பதற்குள் வலது பூ விழுந்தது. ரெண்டு ரூபாய் மிச்சம். ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்கு வந்து, "பொறுப்பில்லாமயே குடுங்க. அம்மன் வாக்குக் குடுத்துருச்சு, ஒரு கீறல் வராதாம்" என்றேன்.

பொறுப்புக்காரர் கோயில் இருந்த திசைக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். "அப்ப அம்மனே பொறுப்பு எடுத்துக்கிச்சுங்க. ரொம்பச் சந்தோசம். ஒருவேள கீறல் வந்துருச்சுன்னா, நா அம்மன்கிட்டப் போயி வாங்கிக்கட்டுங்களா, உங்ககிட்ட வாங்கிக்கட்டுங்களா?"

அம்மனின் கழுத்தில் ஒரு பொட்டுத் தாலிதான் இருந்தது. ரெண்டு ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்தேன். மனசு லேசாகிவிட்டது. இனி எது நடந்தாலும் எனக்கென்ன?

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சரிகை வேட்டி, அங்கவஸ்திரம், வாசனைத் தைலம் சகிதம் போனேன். காற்றாடி சுற்றி அடுப்பைப் பற்றவைத்தோம். வட்டங்களைப் புதுப்பித்தார். நான் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து அவரும் ஏறி உட்கார்ந்தார், மடியில் ஒரு கரிமூட்டையோடு.

"நீங்க எங்கீங்க?"

"பொறுப்பு எடுத்தாச்சுங்களே."

"எடுத்தா?"

"எடுத்தவன் கூட வர வேண்டாமுங்களா? ஊட்டுல உக்காந்துக்கிட்டு எப்படீங்க பொறுப்பா இருக்கறது?"

இது ஊரில் எல்லாருக்கும் தெரியுமாம். எதிர்க் கடையிலேயே இருக்கிற எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஓமலூரில் ஒரு கல்யாண ஊர்வலத்தில் இடம் போதாமல் இவர் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்து போனார் என்றும், போட்டோவிலும் அப்படியேதான் விழுந்திருக்கிறார் என்றும் பிற்பாடு சொன்னார்கள்.

சொந்தக் காரில் தனியாகப் போய் இறங்குகிற மாப்பிள்ளை பக்கத்தில் கரிமூட்டை வைத்த ஆள் எதற்கு? வழியில் இதைத்தான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். மல்லூர் தாண்டியதும் எதிரே பருத்தி ஏற்றிய மாட்டு வண்டிகள் வரிசையாக வந்தன. அப்போதுதான் அந்தத் தழும்புகளின் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வேலியோரமாக ஒதுங்கும்போது அவர் இடது கையை வெளியே நீட்டி மட்கார்டுக்கு மேல் போர்வை மாதிரி வைத்துக்கொண்டார். வேலிமுள் கையைக் கிழித்தது, மட்கார்டு பிழைத்தது.

"கை போகுதுங்களே!" என்றேன்.

"கைக்கு யாரும் காசு குடுக்கலீங்க. நீங்க ரோட்டப் பாருங்க."

ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளினார். பள்ளம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். நான் மட்டும் பேசிக்கொண்டே வந்தேன். லாரி ஓட்டினதாகவும், பஸ் ஓட்டினதாகவும், ஒரு வெள்ளைக்காரத் துரைக்கு ஏற்காடு மலையில் ஓட்டினதாகவும். அவர் ஒரே ஒரு தடவை திரும்பி என் வாயைப் பார்த்தார், தரகரின் காரைப் பார்த்த மாதிரி.

கிராமத்துக்குள் நுழையும்போது பதினொன்றரை. சொன்ன மாதிரியே சனம் முழுக்கத் திரண்டிருந்தது. வேப்பமரத்தடியில் அந்தப் பெரிய தலைப்பாகை. பக்கத்தில் என் தாய்மாமன். மாமனாராகப் போகிறவரைக் கண்டதும் மரியாதை தெரிந்த மாப்பிள்ளை என்ன செய்வான்?

ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன்.

கார் கும்பிடவில்லை. வலது பக்கம் திரும்பி, அவருடைய களத்துக்குள் புகுந்து, அங்கே மாட்டுத் தீவனத்துக்காக வீடு உயரத்துக்கு அடுக்கியிருந்த சோளத்தட்டுப் போருக்குள் போய் நின்றது. போர் எங்கள் மேல் சரிந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் காரும் தெரியவில்லை, மாப்பிள்ளையும் தெரியவில்லை. பின்னால் கரியடுப்பு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. காய்ந்த தட்டு, ஓர் ஓரம் புகைந்தது, பிறகு பற்றியது.

"போரு! போரு!" என்று கூட்டம் கத்தியது. மாப்பிள்ளை என்று யாரும் கத்தவில்லை. மாட்டுத் தொட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் கழுநீர்ப் பானையோடு ஓடி வந்தாள். முதல் பானை தீயின் மேல் விழுந்தது. தீ அணைந்தது, அடுப்பும் அணைந்தது. இரண்டாவது பானை, அப்போதுதான் தட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிய என் மேல் விழுந்தது. என் மேல் தீ இல்லைங்க என்று சொல்ல வாயைத் திறந்தது தப்பு. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் என்னைத்தான் முதலில் பார்த்தாள், தலையில் சுரைக்காய்த் தோலோடு.

"மாப்பிள்ளை போரு போட வந்தாரா, பிரிக்க வந்தாரா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

பொறுப்புக்காரர் மறு பக்கத்திலிருந்து வெளியே வந்தார். வேட்டியை உதறினார். முதலில் காரைச் சுற்றினார், சாக்கட்டியை எடுத்துக்கொண்டு. வைக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு புதுக் கீறல் இல்லை. அம்மன் வாக்குப் பொய்க்கவில்லை; போரைப் பற்றி நான்தான் கேட்கவில்லை. பிறகு நேராகத் தலைப்பாகைக்காரர் முன்னால் போய் நின்றார்.

"மனசு வருத்தப்படாதீங்க. பொறுப்பு என்னுதுங்க. போர நானே அடுக்கிக் குடுத்துர்றேன். எரிஞ்ச தட்டுக்குத் தட்டு."

தலைப்பாகைக்காரருக்குப் புரியவில்லை. "நீங்க எதுக்குங்க? ஓட்டுனது மாப்பிள்ளை. வண்டியும் மாப்பிள்ளையது. நீங்க யாரு?"

பொறுப்புக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தேன், தலையாட்டினேன், கையால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வண்டி யாருதுன்னா கேக்கறீங்க? பொறுப்போடச் சொல்லட்டுங்களா, பொறுப்பில்லாமச் சொல்லட்டுங்களா?"

"இதென்ன பேச்சு? பொறுப்போடத்தான் சொல்லோணும்."

"அதுக்கு ரெண்டு ரூவாங்க."

சத்தியமாக நடந்தது இது. அந்த மனிதர் ஊர் முன்னால் மடியை அவிழ்த்து ரெண்டு ரூபாயை எடுத்து வைத்தார்.

"வண்டி என்னுதுங்க. மாப்பிள்ளை வாடகைக்கு எடுத்துட்டு வந்தாரு."

என் தாய்மாமன் வேப்பமரத்து உச்சியில் ஏதோ குருவியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நிமிஷத்தில் ஊமையாகப் பிறந்திருந்தால் பாதிக்குப் பாதி மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

"அது வந்துங்க மாமா, இந்த வண்டி அவருதுதான். என்னுது வேற இருக்குதுங்க. ரிப்பேருக்கு மெட்ராஸ் போயிருக்குது. ரெண்டு வண்டிங்க..."

பொறுப்புக்காரர் இருமினார். நான் மூன்றாவது வண்டிக்குப் போகவில்லை.

தலைப்பாகைக்காரர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். இடுப்புக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கால் மணிதான் இருந்தது. பேச்சை முடிப்பதா, போய் வாருங்கள் என்று சொல்வதா? என் தாய்மாமன் அந்தக் குடும்பத்தில் பேசி முடிக்க எட்டு மாதம் நடந்திருந்தார். நானோ பெண்ணை ஒரு பானையின் அளவுக்குத்தான் பார்த்திருந்தேன். ஆனாலும் அவள் தண்ணீர் ஊற்றிய விதத்தில் ஒரு தீர்மானம் இருந்தது, அது எனக்குப் பிடித்திருந்தது. இந்த இடம் போய்விட்டால் எனக்கு வேறு இடம் இல்லை என்று ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

தலைப்பாகைக்காரரின் யோசனையெல்லாம் பொறுப்புக்காரரிடம் போய் நின்றது. "ஏனுங்க, நீங்க வண்டிக்குப் பொறுப்பு எடுக்கறீங்க, போருக்கு எடுக்கறீங்க. இந்த மாப்பிள்ளைக்கு எடுப்பீங்களா? எத்தன ரூவான்னாலும் குடுக்கறேன். நாளைக்கு எம்பொண்ணு கண்ணக் கசக்கக் கூடாது."

பொறுப்புக்காரர் சட்டைப் பையில் கை விட்டார். சாக்கட்டியை எடுத்தார். என்னைக் களத்தின் நடுவில் நிறுத்தி, காரைச் சுற்றுகிற மாதிரியே மெதுவாகச் சுற்றி வந்தார்.

"எடது தோளு எறக்கம். பழசுங்க" என்று உரக்கச் சொல்லி, என் சட்டையில் வட்டம் போடப் பார்த்தார். நனைந்த துணியில் சாக்கட்டி எழுதவில்லை. "காலு கொஞ்சம் உள்வாட்டம். பழசுங்க. முன்பல்லு ஒன்னு ஒடஞ்சது. பழசுங்க."

"பல்லு வந்துங்க, ஒரு செறுத்தைய வெரட்டும்போது..."

"நூல் கடைல குமாஸ்தா வேலை. நெசந்தானுங்க. சாராயம், சூது இல்லீங்க. எதுத்தாப்புல பாத்துக்கிட்டு இருக்கறேன்."

"குமாஸ்தான்னா சும்மா குமாஸ்தா இல்லீங்க மாமா, மொதலாளியே என்னியக் கேக்காம..."

அவர் நின்றார். என் வாயைப் பார்த்தார். நீட்டிய சாக்கட்டியைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு நா எடுக்கறதில்லீங்க."

கெடாவுக்கு எடுத்தவர், மாமியாருக்கு எடுத்தவர், ஓர் அணாவுக்குக் கோயம்புத்தூர் வரை போனவர். ஏன் என்று சொல்லவுமில்லை. நேராகப் போய்ச் சரிந்த தட்டைக் கட்டுக் கட்டாக எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

தலைப்பாகைக்காரர் என் மாமனைப் பார்த்தார். மாமன் குருவியைப் பார்த்தார். அப்போது தொட்டிப் பக்கமிருந்து அந்தக் குரல் வந்தது.

"பொறுப்பில்லாமயே இருக்கட்டுங்கப்பா."

"அம்மிணி, நல்லா யோசிச்சுச் சொல்லு சாமி."

"யோசிச்சுக்கிட்டே இருந்தா ராகு காலம் வந்துரும்."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். என் கையில் கொடுத்த வெற்றிலை கழுநீர் வாசனை அடித்தது. பொறுப்புக்காரர் அங்கேயே இரண்டு நாள் தங்கிப் போரை முன்னைவிட அழகாக அடுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான் என்பதால் நானும் இரண்டு நாள் தட்டு சுமந்தேன். போருக்குப் பொறுப்பு எடுத்தவர் அவர்தானே, நான் ஏன் சுமக்கிறேன் என்று ஒரு தடவை கேட்கப் பார்த்தேன். மாமனார் கேட்கிற தூரத்தில் இருந்தார்.

சண்டை முடிந்தது. பெட்ரோல் வந்தது, கரியடுப்பு இறங்கியது. அதற்குள் எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவனுக்குக் காது குத்த மாமனார் ஊருக்குப் போக, மனைவி மக்களோடு மறுபடியும் அதே கொட்டகைக்குப் போனேன். அவருக்குத் தலை நரைத்திருந்தது. தழும்பு இன்னும் நாலு கூடியிருந்தது.

"பொறுப்போடங்களா, பொறுப்பில்லாமங்களா?"

இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. ரெண்டு ரூபாயை எடுத்து நீட்டினேன். அவர் வழக்கம்போல என் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார். வண்டியைக் கிளப்பும் முன் இத்தனை வருஷமாக மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிடலாம் என்று திரும்பினேன்.

"ஏனுங்க, கோவிச்சுக்கக் கூடாது. அன்னிக்கு அத்தன பேர் முன்னால எனக்கு மட்டும் பொறுப்பு எடுக்கமாட்டேன்னுட்டீங்களே, அது ஏனுங்க? வண்டி ஓட்டத் தெரியலீங்கறதுக்கா? நா நல்லாத்தான் ஓட்டுவேனுங்க, அன்னிக்குக் கும்பிட்டதுதான் தப்பாப் போச்சு. பல்லு ஒடஞ்சதுக்கா? அது செறுத்தை இல்லீங்க, உங்களுக்கே தெரியும், நா சொன்னது சும்மா ஒரு இதுக்கு. கார் ரெண்டு இருக்குதுன்னு சொன்னதுக்கா? அப்பறம் பாத்தீங்கன்னா எங்க மொதலாளிகூட ஒரு நாள்..."

பின்னால் என் மனைவி சிரிப்பை அடக்குவது கேட்டது. நான் மூச்சு வாங்கும் வரை அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பிரேக் இல்லாததுக்கு எடுக்கறதில்லீங்க" என்றார்.